வரி வழக்கில் ஜெயித்தாயிற்று, நாலு பேர் சேர்ந்து கொடுத்த வக்கீல் ஃபீஸ் திரும்பக் கிடைக்குமா?

பழைய வண்ணை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். வருமான வரி வழக்கு ஒன்று தீர்ப்பாயத்தில் எங்கள் பக்கம் முடிந்திருக்கிறது. அதற்குச் செலவழித்த பணத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டை 2021 பிப்ரவரியில் விற்றோம். அண்ணன், நான், தங்கை, தம்பி, ஆளுக்குக் கால் பங்கு. கைக்கு வந்தது 1 கோடியே 20 லட்சம், பத்திரத்திலும் அதே தொகைதான். ஆனால் அரசு வழிகாட்டி மதிப்பு 1 கோடியே 72 லட்சம். வீடு இருந்தது சந்துக்குள்ளே, எதிரே ஒருவர் குடத்தோடு வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நின்று வழி விட வேண்டும், ஆட்டோ தெருமுனையோடு சரி. கீழ்ப் போர்ஷனில் அப்பா காலத்து வாடகைதாரர் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அந்த நிலைமையில் எவன் வழிகாட்டி மதிப்பு கொடுத்து வாங்குவான்? தெரு முழுக்க ஒரே ரேட் என்பதால் இதெல்லாம் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

2022 டிசம்பரில் நாலு பேருக்கும் தனித்தனி ஆர்டர் வந்தது. வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாக எடுத்துக்கொண்டு, 52 லட்சம் வித்தியாசத்தில் ஆளுக்கு 13 லட்சத்தை லாபத்தில் கூட்டி, வட்டியோடு ஆளுக்குச் சுமார் மூன்றரை லட்சம் கட்டச் சொன்னார்கள். துறையின் மதிப்பீட்டு அதிகாரியை வைத்து விலை பாருங்கள் என்று எழுத்திலேயே கேட்டிருந்தோம், ஆர்டரில் அதைத் தொடவே இல்லை. முதல் அப்பீலும் தோற்றது. தீர்ப்பாயம் வரை போன பிறகுதான் மதிப்பீட்டு அறிக்கை வந்தது, 1 கோடியே 28 லட்சம் என்று. வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருப்பதால் கூட்டியது செல்லாது என்று 2025 அக்டோபரில் நாலு அப்பீலுக்கும் சேர்த்து ஒரே ஆர்டர் போட்டார்கள்.

ஆன செலவு: வக்கீலுக்கு நாலு அப்பீலுக்கும் சேர்த்து 1,60,000, ஆடிட்டருக்கு ஜிஎஸ்டியோடு 70,800, தீர்ப்பாயக் கட்டணம் தலைக்கு 10,000, முதல் அப்பீல் கட்டணம் தலைக்கு 1,000, தனியார் மதிப்பீட்டாளர் அறிக்கைக்கு 25,000. கிட்டத்தட்ட மூன்று லட்சம். இதை அண்ணன், நான், தங்கை மூன்று பேர்தான் போட்டோம், தம்பி அப்புறம் தருகிறேன் என்றான். அது போக, மீதி வசூலை நிறுத்தி வைக்க 20 சதவீதம் முன்பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. அதில் தம்பி பங்கு 70,000 ரூபாயையும் 2023 பிப்ரவரியில் அண்ணன்தான் தன் அக்கவுண்டிலிருந்து கட்டினார்.

நியூஜெர்சியில் இருக்கிற மாமா மகன், அமெரிக்காவில் வரி வழக்கில் ஜெயித்தால் வக்கீல் ஃபீஸை அரசாங்கமே கொடுத்துவிடும், இங்கேயும் கேளுங்கள் என்கிறான். கேட்க முடியுமா? முடியாது என்றால் தம்பி பங்கை எப்படி வாங்குவது? அண்ணன் ரிட்டயர் ஆனவர், அவருடைய சேமிப்பு இதில் முடங்கிக் கிடப்பது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கொளத்தூர் ஆடிட் ஆபீஸ்:

அக்கா, முதலில் ஜெயித்ததற்கு வாழ்த்துகள். நிறைய பேர் முதல் அப்பீலோடு சலித்துப்போய் கட்டிவிடுகிறார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடி பதில்: சட்டத்தில் வழி இருக்கிறது, நடைமுறையில் கிடைப்பது அபூர்வம். வருமான வரிச் சட்டம் பிரிவு 254(2பி) என்று ஒன்று உண்டு, அப்பீல் செலவை யார் ஏற்பது என்பது தீர்ப்பாயத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது என்று ஒரே வரி. விருப்பம் என்றால் கேட்டவர்களுக்கெல்லாம் தர மாட்டார்கள். துறை வேண்டுமென்றே இழுத்தடித்தது, தெரிந்தே தவறு செய்தது என்று மனதுக்குப் பட்டால் ஒழிய செலவுத் தொகை போடுவதில்லை, போட்டாலும் பெரும்பாலும் ஒரு அடையாளத் தொகைதான், நீங்கள் கொடுத்த வக்கீல் ஃபீஸுக்குக் கிட்டேயே வராது. அதையும் அப்பீல் நடக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டும் கண்டுகொள்ளாத உங்கள் கேஸ் கேட்டுப் பார்க்கத் தகுந்த கேஸ்தான். ஆனால் இப்போது ஆர்டர் வந்துவிட்டது. பிழை திருத்த மனுவுக்கு ஆர்டர் போட்ட மாதக் கடைசியிலிருந்து ஆறு மாதம் டைம் உண்டு என்றாலும், நாம் கேட்காத ஒன்றைத் தராதது கண்ணுக்குத் தெரிகிற பிழை ஆகாது. உங்கள் அப்பீல் மனுவில் செலவுத் தொகை கேட்டு ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்து, ஆர்டரில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் வக்கீலிடம் கேட்டுப் பார்க்கலாம்.

வரியில் கழித்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் உங்களுக்கு இல்லை. முன்னே 80விவி என்று ஒரு பிரிவு இருந்தது, வரி வழக்குச் செலவில் 5,000 ரூபாய் வரை சாதாரண ஆளும் கழிக்கலாம். அதை எண்பதுகளிலேயே எடுத்துவிட்டார்கள். வீடு விற்ற லாபத்திலிருந்து கழிக்கலாமே என்று தோன்றும், ஆனால் அங்கே கழிப்பது விற்பனைக்காக ஆன செலவை மட்டும்தான், புரோக்கர் கமிஷன் மாதிரி. விற்று முடித்த பிறகு வரிக்காகப் போட்ட வழக்கு அதில் வராது. சம்பளக்காரர், பென்ஷன்காரர், குடும்பத் தலைவிக்கு ஆன வக்கீல் செலவு போனது போனதுதான் என்ற நிலை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தப்பு துறை பக்கம் என்று தீர்ப்பாயமே சொன்ன பிறகும் அதற்கான விலையை வீட்டுக்காரர்கள் கொடுப்பது அநியாயம்.

உறுதியாக வருவது எது என்றால், கட்டிய 20 சதவீதமும் அதற்கு வட்டியும். பிரிவு 244ஏ, மாதத்துக்கு அரை சதவீதம், கட்டிய தேதியிலிருந்து. 70,000 ரூபாய்க்கு மாதம் 350, மூன்று வருஷம் ஓடிவிட்டால் 12,600. தீர்ப்பாய ஆர்டர் முதன்மை ஆணையர் கைக்குப் போன மாதக் கடைசியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை அமல்படுத்த வேண்டும், நவம்பரில் போயிருந்தால் 2026 பிப்ரவரி கடைசி. அதற்கு மேல் தாமதமானால் வருஷத்துக்கு 3 சதவீதம் கூடுதல் வட்டி தனியாக. அந்த வட்டி வருமானம், ரிட்டர்னில் காட்ட வேண்டும். துறை ஹைகோர்ட் போகுமோ என்று பயப்பட வேண்டாம், 2024 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி சில விதிவிலக்குகள் தவிர 2 கோடிக்குக் குறைந்த வரிக்கு அவர்கள் ஹைகோர்ட் அப்பீல் போவதில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், இதை அண்ணனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ரீஃபண்ட் யார் பணம் கட்டினார்கள் என்று பார்த்து வராது, யார் பான் எண்ணில் கட்டினார்கள் என்று பார்த்துத்தான் வரும். அண்ணன் தன் அக்கவுண்டிலிருந்து தம்பி பான் எண்ணில் சலான் போட்டிருந்தால், அந்த 70,000 ரூபாயும் 12,600 வட்டியும் தம்பியின் பேங்க் அக்கவுண்டில்தான் போய் விழும். அண்ணன் அக்கவுண்டுக்கு மாற்றி அனுப்புங்கள் என்று துறையிடம் கேட்க வழியே இல்லை.

மண்ணடி பைப் கடை:

தங்கச்சி, எங்கள் லைனில் ஆறு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே வக்கீலை வைத்து ஜிஎஸ்டி அப்பீல் நடத்தினோம். 2017-18 கணக்கில் உள்ளீட்டு வரி, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்துப் பிறகு கழித்துக்கொள்ளும் வரி, பொருந்தவில்லை என்று ஆளாளுக்கு நோட்டீஸ், காரணம் எல்லாருக்கும் ஒன்றுதான், சப்ளையர் ஒருவரே. எங்கள் அனுபவம் உங்களுக்கு நேராகப் பொருந்தாது, ஆனால் பங்கு பிரிப்பதில் உதவும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் சமமாகப் பிரிக்கலாம் என்றுதான் பேசினோம். ஒருத்தருக்கு நோட்டீஸ் 40,000, இன்னொருத்தருக்கு 9 லட்சம், சமமாகப் போட்டால் சின்னக் கடைக்காரர் வழக்கே வேண்டாம் என்று கட்டிவிட்டுப் போவதுதான் லாபம். கடைசியில் பாதி ஃபீஸ் சமமாக, பாதி அவரவர் நோட்டீஸ் தொகைக்குத் தகுந்தபடி என்று பேசி ஒரு வெள்ளைத் தாளில் எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். வக்கீலிடம் பில்லை அவரவர் கடைப் பெயரில் தனித்தனியாக வாங்கினோம், ஒருத்தர் பெயரில் மொத்தமாக வாங்கியிருந்தால் மற்ற ஐந்து பேரும் கணக்கில் காட்ட முடியாது. வியாபாரிக்கு வரி வழக்குச் செலவு வியாபாரச் செலவு, லாபத்தில் கழியும், இது 1971லேயே சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்ட விஷயம். வக்கீல் ஃபீஸுக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில், அதாவது வக்கீலுக்குப் பதில் நாங்களே நேரடியாக அரசுக்குக் கட்டி, உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டோம். உங்கள் வக்கீல் பில்லில் ஜிஎஸ்டி இல்லாமல் ஆடிட்டர் பில்லில் மட்டும் இருப்பதும் சரிதான், வியாபாரம் இல்லாத தனி ஆளுக்கு வக்கீல் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அப்பீலுக்கு முன்னால் கட்டிய 10 சதவீதம், ஜெயித்ததும் 6 சதவீத வட்டியோடு திரும்பி வந்தது. வக்கீல் ஃபீஸ் ஒரு ரூபாய் கூட அரசாங்கத்திடமிருந்து வரவில்லை.

உங்கள் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே பங்கு, ஒரே தொகை, அதனால் சமமாகப் பிரிப்பதில் தகராறு வர இடமில்லை. தம்பி பங்கு சுமார் 75,000. அதை எழுதி வாங்கியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

பெரம்பூர் டு டெக்சாஸ்:

மாமா மகன் சொன்னது பாதி சரி. இங்கே அமெரிக்க வரிச் சட்டத்தில் 7430 என்ற பிரிவு அதற்காகவே இருக்கிறது. ஜெயித்தால் தானாக வந்துவிடாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

தனி ஆளுக்குச் சொத்து மதிப்பு 20 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகும் முன் துறைக்குள்ளேயே இருக்கிற அப்பீல் வழிகளை முடித்திருக்க வேண்டும். வழக்கை நாம் வீணாக இழுத்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, துறை எடுத்த நிலைக்கு ஓரளவு நியாயம் இருந்தது என்று அரசு காட்டிவிட்டால், நாம் ஜெயித்திருந்தாலும் ஃபீஸ் கிடையாது. அதை நிரூபிக்கும் பொறுப்பு 1996 முதல் அரசு மேல் இருக்கிறது என்பது ஒரு நல்ல விஷயம். வக்கீல் வாங்கியது எவ்வளவாக இருந்தாலும் மணிக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு உண்டு, சட்டத்தில் 125 டாலர், விலைவாசிக்குத் தகுந்தபடி வருஷாவருஷம் ஏற்றுவார்கள். ஊரில் நல்ல வரி வக்கீல் வாங்குவது அதைவிட அதிகம்.

பலர் சேர்ந்து ஃபீஸ் போட்டிருந்தால் இங்கேயும் சிக்கல்தான். தான் கொடுத்த, அல்லது கொடுக்கக் கடமைப்பட்ட பங்கை மட்டும்தான் ஒருவர் கேட்க முடியும். ஒருவர் பெயரில் நடந்த வழக்குக்கு இன்னொருவர் தானாக முன்வந்து பணம் கொடுத்து, திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சும் இல்லை என்றால், அந்தப் பணத்தைக் கேட்க உரிமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வந்துவிடும். கணவன் மனைவி சேர்ந்து ரிட்டர்ன் போட்டிருந்தால் சொத்து வரம்பை மட்டும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். வக்கீல் எந்த நாளில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிட்டார், அது யாருடைய வழக்குக்கு என்ற கணக்கு இல்லாமல் போனால் கோர்ட் வெட்டித் தள்ளிவிடும்.

இந்தச் சட்டத்தை வைத்து இந்தியாவில் எதுவும் கேட்க முடியாது. ஆனாலும் இந்த மாதிரி ஒரு பிரிவு நம் ஊருக்கும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பழைய வண்ணை அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொளத்தூர் தம்பி சொன்னதைப் பார்த்துச் சலானை எடுத்துப் பார்த்தேன், தம்பி பான் எண்ணில்தான் இருக்கிறது. அண்ணனிடம் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை.

பங்கு பிரிப்பது பற்றித் தாளில் எழுதி எதுவும் வாங்கவில்லை, கூடப் பிறந்தவர்களிடம் யார் எழுதி வாங்குவார்கள்? தம்பி இப்போது, நான் வழக்கு போடச் சொல்லவே இல்லை, நீங்கள் நீட்டினீர்கள், கையெழுத்துப் போட்டேன் என்கிறான். ஆனால் வக்காலத்திலும் அப்பீல் ஃபார்மிலும் அவன் கையெழுத்து இருக்கிறது, முதல் அப்பீல் ஆன்லைனில் போட்டபோது ஓடிபி அவன் போனுக்கு வந்து அவன்தான் சொன்னான். வாட்ஸப் குடும்பக் குரூப்பில் "அண்ணே நீங்க கட்டிடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று 2023 பிப்ரவரியில் எழுதியதும் இருக்கிறது. கேஸ் போடுகிற எண்ணம் இல்லை. அவன் பிள்ளைகள் எங்கள் வீட்டில் வளர்ந்தவர்கள். ரீஃபண்ட் வந்த பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று தங்கை சொல்கிறாள். அது சரிதானா?

ராயபுரம் வக்கீல்:

மேடம், ரீஃபண்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

இதில் இரண்டு தனிப் பணம் இருக்கிறது, கலக்காதீர்கள். 70,000 முன்பணம் அண்ணன் ஒருவர் கட்டியது, அதைக் கேட்கும் உரிமை அவருக்கு மட்டும். 75,000 செலவுப் பங்கு நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து சுமந்தது, அதைக் கேட்க வேண்டியது மூன்று பேரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கோடு.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 70, ஒருவருக்காக இன்னொருவர் சட்டப்படியான ஒரு காரியத்தைச் செய்து, அதை இனாமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் செய்து, அதன் பலனை அந்த ஆள் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இது நிற்கும். தம்பி அப்பீல் ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஓடிபி கொடுத்திருக்கிறார், மூன்றரை லட்சம் வரி அவருக்கு ரத்தாகியிருக்கிறது. வழக்கு போடச் சொல்லவில்லை என்ற பேச்சு எடுபடாது. முன்பணத்துக்கு அந்த வாட்ஸப் செய்தி இன்னும் பலம், நீங்களே கட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டதே அதுதான். அந்தப் போனை மாற்றாதீர்கள், சாட் முழுவதையும் பத்திரமாக வையுங்கள்.

பிரச்சினை காலக்கெடு. மற்றவருக்காகக் கட்டிய பணத்தைக் கேட்கக் காலவரம்புச் சட்டப்படி மூன்று வருஷம், கட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். 2023 பிப்ரவரியில் கட்டியது 2026 பிப்ரவரியோடு முடிகிறது. துறை ஆர்டரை அமல்படுத்தும் கெடுவும் ஏறக்குறைய அப்போதுதான். ரீஃபண்ட் மார்ச்சில் வந்து தம்பி கையை விரித்தால், அண்ணனுடைய உரிமை காலாவதி என்று தம்பியின் வக்கீல் முதல் வாதமாக எடுப்பார். அதற்கு எதிர்வாதம் உண்டுதான், ஆனால் ஒரு காகிதத்தில் தீர்கிற விஷயத்துக்கு அந்த வாதத்தை நம்பி இருக்கத் தேவையில்லை.

கேஸ் போட வேண்டாம் என்பது நல்ல முடிவு. அப்படியானால் கெடு முடிவதற்குள் தம்பியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். என் பான் எண்ணில் இந்தத் தேதியில் அண்ணன் கட்டிய 70,000 ரூபாயை நான் அவருக்குத் தர வேண்டியிருக்கிறது, ரீஃபண்ட் வந்ததும் அதற்கான வட்டியோடு தருகிறேன், வழக்குச் செலவில் என் கால் பங்கு இவ்வளவு என்று நாலு வரி போதும். தேதியும் அவர் கையெழுத்தும் கட்டாயம். காலவரம்புச் சட்டம் பிரிவு 18 படி, கெடு முடியும் முன் கையெழுத்தோடு கடனை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். வாட்ஸப்பில் சரி என்று போட்டால் போதாதா என்று கேட்பார்கள், அது கையெழுத்தா இல்லையா என்று சண்டை போட வேண்டி வரும், தாளிலேயே வாங்குங்கள். வக்கீல், ஆடிட்டர் ஃபீஸ் கொடுத்த தேதிகளை ரசீதிலிருந்து எடுத்து அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள், ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனி மூன்று வருஷம் என்பதால்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னால், ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுங்கள். கோர்ட் கட்டணம் கிடையாது, தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள், லோக் அதாலத்தில் சமரசமானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். பெண் என்ற முறையில் உங்களுக்கும் தங்கைக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. ஆனால் அந்த மனு கொடுத்ததால் மட்டும் கெடு நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். ஜனவரி கடைசிக்குள் கடிதமோ சமரசமோ கைக்கு வரவில்லை என்றால், அண்ணன் தன் 70,000 ரூபாய்க்கு மட்டுமாவது பிப்ரவரித் தேதி தாண்டும் முன் வழக்கைப் பதிவு செய்துவிட வேண்டும், பேச்சுவார்த்தையை அதற்கு அப்புறமும் தொடரலாம். சலானில் கட்டிய தேதி என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள், கடைசி நாளைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.